எச்சரிக்கப்பட்டோர் பக்கம்: ஈழத்து இடம்பெயர்வு இலக்கியத்தில் குடிமக்களும் அவர்தம் தீர்மானங்களும்

ஆய்வுச்சுருக்கம்

போரினால் இடம்பெயர்ந்த குடிமக்களைப் பற்றிய ஈழத்துப் புனைவுகளும் கவிதைகளும் தமிழ்த் திறனாய்வில் பலநேரங்களில் துயரப் பதிவுகளாக வாசிக்கப்படுகின்றன. அல்லது 'புலம்பெயர் இலக்கியம்' என்னும் பொதுவகையின் உட்பிரிவாகக் கருதப்படுகின்றன. இவ்விரு வாசிப்புகளிலும் குடிமக்கள் நிகழ்வுகளைத் தாங்குவோராக மட்டுமே எஞ்சுகின்றனர். எதை எடுப்பது, யாரை விடுவது, எப்போது புறப்படுவது எனக் குடும்பங்கள் நெருக்கடிக்குள் எடுக்கும் தீர்மானங்களே இவ்வகை இலக்கியத்தின் மைய நிகழ்வு என்பது இக்கட்டுரையின் கருதுகோள். புறநானூற்றின் போர் எச்சரிக்கைப் பாடலிலிருந்து தொடங்கி, சு. வில்வரத்தினம், நிலாந்தன், தீபச்செல்வன், சேரன் ஆகியோரின் கவிதைத் தொகுப்புகளையும் தமிழ்க்கவி, சயந்தன், அனுக் அருட்பிரகாசம் ஆகியோரின் நாவல்களையும் முன்வைத்து இக்கருதுகோள் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இடம்பெயர்வு, புலம்பெயர்வு, ஈழத்து இலக்கியம், குடிமக்கள், தீர்மானம், வன்னி, வடபுல முஸ்லிம்கள்.

1. முன்னுரை

போரைப் பாடும் மரபு தமிழில் நெடியது. தொல்காப்பியம் புறத்திணைகளை வகுத்தபோது போரின் ஒவ்வொரு கட்டத்திற்கும் பெயரிட்டது. படையெடுப்பும் முற்றுகையும் வெற்றியும் வீழ்ச்சியும் துறைகளாயின. வஞ்சித் திணையில் பகைவர் நாட்டை எரியூட்டுதல் 'எரிபரந்தெடுத்தல்' என்னும் துறையாக இடம்பெறுகிறது. ஆயினும் எரியும் ஊரிலிருந்து வெளியேறுவோருக்கெனத் தனித்துறை எதுவும் அங்கு வகுக்கப்படவில்லை. இலக்கணம் அவர்களை மறந்ததெனக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. மரபு பேசாது விட்ட அந்த இடத்தில் நின்று எழுத வேண்டிய நிலை ஈழத்து எழுத்தாளர்களுக்கு நேர்ந்தது. அவர்கள் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே இங்கு எழும் வினா.

இவ்வினா வகைப்பாட்டோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. ஒரு நூலை எந்தப் பெயரால் அழைக்கிறோம் என்பது, அதில் எதைத் தேடுகிறோம் என்பதையும் தீர்மானிக்கிறது. துயரத்தைத் தேடும் வாசகர் துயரத்தைக் காண்கிறார். அதைத் தாண்டி அந்நூல் கூறுவது கவனத்திற்கு வராமற் போகிறது.

2. எச்சரிப்பவரின் பாடல்

புறநானூற்றின் ஒன்பதாம் பாடலில் நெட்டிமையார், பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடுகிறார். போர் தொடங்குமுன் பசுக்களும் அந்தணரும் பெண்டிரும் பிணியுற்றோரும் புதல்வரைப் பெறாதோரும் தத்தம் காவலிடங்களை அடையுமாறு அறிவித்த பின்பே அவன் அம்பு எய்வான் என்பது பாடலின் செய்தி. போரிலும் அறம் பேணிய தமிழர் மாண்புக்குச் சான்றாக இப்பாடல் பலராலும் எடுத்தாளப்படுகிறது. அவ்வாசிப்புக்கு இடமுண்டு. எனினும் பாடலின் அமைப்பை நோக்கினால், எச்சரிக்கப்பட்டோர் முன்னிலையாக விளிக்கப்படும் அளவிலேயே அதில் இடம்பெறுகின்றனர் என்பது புலனாகும். அறிவிப்பு முடிந்ததும் பாடல் அரசனிடம் திரும்பி, அவனை நீடு வாழ்கென வாழ்த்துகிறது. பிணியுற்றவரை யார் தூக்கிச் சென்றனர், காவலிடம் எவ்வளவு தொலைவிலிருந்தது, அங்கு இடமிருந்ததா என்பன பாடலின் எல்லைக்குள் வருவதில்லை.

அதே நெட்டிமையார் அதே அரசனைப் பதினைந்தாம் பாடலிலும் பாடுகிறார். அங்குப் பகைவரின் அரண்களில் தேர் ஓடிய தெருக்கள் கழுதை பூட்டி உழப்பட்டுப் பாழாக்கப்பட்ட செயல் புகழப்படுகிறது. இரு பாடல்களையும் அருகருகே வைத்து வாசிக்கும்போது வினா ஒன்று எழுகிறது. உழப்பட்ட அத்தெருக்களில் வாழ்ந்தவர்கள் என்னவாயினர்? எச்சரித்ததற்கும் பாழாக்கியதற்கும் புகழ் அரசனையே சேர்கிறது. இரண்டிற்கும் இடையே நடந்து சென்றவர்களின் குரல் பதிவாகவில்லை.

விதிவிலக்காகப் பாரி மகளிர் பாடியதாகக் கிடைக்கும் 112ஆம் பாடலைச் சுட்டலாம். இழந்தோரே இழப்பைப் பேசும் அரிய பாடல் அது. எனினும் அங்குப் பேசுவோர் அரசமகளிர். இழக்கப்பட்டது தந்தையும் குன்றும். முந்நூறு ஊர்களை உடையதாகப் பாடப்படும் பறம்பின் குடிகள் எங்குச் சென்றனர் என்பது நமக்குத் தெரிய வருவதில்லை.

பழம்பாடலை நிகழ்காலத்தோடு ஒப்பிடும்போது காலவேறுபாட்டை மறத்தலாகாது. ஆயினும் அறிவிப்பின் வடிவம் வியக்கத்தக்க வகையில் தொடர்கிறது. 2009ஆம் ஆண்டு ஜனவரியில் இலங்கை அரசு வன்னியில் முதலாவது 'பாதுகாப்பு வலய'த்தை அறிவித்து, பொதுமக்களை அதற்குள் செல்லப் பணித்தது. அது ஏறத்தாழ 35 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பெப்ரவரியில் அறிவிக்கப்பட்ட இரண்டாம் வலயம் ஏறத்தாழ 14 சதுர கிலோமீட்டர். மே மாதத்து மூன்றாம் வலயம் ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டர். அவ்வலயங்களுக்குள்ளும் எறிகணைகள் வீழ்ந்தன என்பதை ஐக்கிய நாடுகள் சபைப் பொதுச்செயலாளரின் வல்லுநர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை பதிவுசெய்கிறது. மக்கள் வெளியேறாதவாறு விடுதலைப் புலிகள் தடுத்ததையும், கட்டாய ஆட்சேர்ப்பு செய்ததையும், தப்பியோட முயன்றோரைச் சுட்டதையும் அதே அறிக்கை பதிவுசெய்கிறது. ஒரு தரப்பு 'வா' என்றது. மறுதரப்பு 'போகாதே' என்றது. இரு கட்டளைகளுக்கும் இடையில் அகப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவையே இங்கு ஆராயப்படும் நூல்கள்.

3. இரு சொற்கள், இரு நிலைகள்

'புலம்பெயர்தல்' பழஞ்சொல். பட்டினப்பாலையில் அச்சொல் காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து உறைந்த பிறநாட்டாரைக் குறிக்கிறது. வணிகமும் விருப்பும் அதன் பின்னணி. 1983ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின் ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேறிய ஈழத்தமிழரின் எழுத்தைச் சுட்ட இச்சொல் நிலைபெற்றது. 'இடம்பெயர்தல்' என்பதோ ஈழத்து அன்றாட வழக்கில் நாட்டெல்லைக்குள்ளேயே போரினால் ஊர்விட்டு ஊர் செல்வதைக் குறித்தது. 1998இல் ஐக்கிய நாடுகள் சபையின் முன் வைக்கப்பட்ட உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டு நெறிகளும் எல்லையைக் கடவாமையையே இப்பிரிவினரின் அடையாளமாகக் கொள்கின்றன.

இவ்வேறுபாடு இலக்கிய வடிவத்திலும் வெளிப்படுகிறது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) அகதித் தஞ்ச விண்ணப்பம் ஒன்றின் வடிவில் தொடங்குகிறது. புலம்பெயர்ந்தவர் ஓர் அதிகாரியிடம் தம் கதையைச் சொல்லியாக வேண்டும். அதை நம்பச் செய்தாக வேண்டும். கதைசொல்லல் அங்கே வாழ்வுரிமைக்கான நிபந்தனையாகிறது. இடம்பெயர்ந்தவருக்கு அத்தகைய அதிகாரியும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. அவரிடம் நிவாரண அட்டையும் குடும்ப உறுப்பினர் எண்ணிக்கையும் மட்டுமே கேட்கப்படுகின்றன. புலம்பெயர் எழுத்தின் காலம் ஒரு பெரும் பிரிவால் முன், பின் எனப் பிளவுபடுகிறது. இடம்பெயர்வு எழுத்தின் காலமோ மீண்டும் மீண்டும் நிகழும் சிறு புறப்பாடுகளால் ஆனது. முன்னதில் நினைவேக்கம் இயல்பாக இடம்பெறுகிறது. பின்னதில் நினைவேக்கத்திற்கு நேரமில்லை. அடுத்த செல் எங்கே விழும் என்பதே வினா.

தமிழ்நாட்டில் 100க்கும் மேற்பட்ட முகாம்களில் வாழும் ஈழத்தமிழர் இவ்விரு சொற்களுள் எதிலும் முழுமையாக அடங்குவதில்லை. எல்லையைக் கடந்தும் குடியுரிமை பெறாத நிலை அவர்களுடையது. மூன்று நிலைகளையும் ஒரே அலகின்கீழ்ப் பயிற்றும்போது, வெளிநாட்டு நகரங்களில் எழுதப்பட்ட நூல்கள் முன்னிலை பெறுவதும் முகாம்களிலும் பதுங்குகுழிகளிலும் விளைந்தவை பின்தள்ளப்படுவதும் எளிதாக நிகழ்கின்றன.

4. கவிதை: வெறுமையும் குழியும்

தீவகம் 1990களின் தொடக்கத்தில் படையினர் வசமானபோது அங்கிருந்த மக்களிற் பெரும்பாலோர் வெளியேறினர். புங்குடுதீவைச் சேர்ந்த சு. வில்வரத்தினத்தின் 'காற்றுவெளிக் கிராமம்' (1995) அவ்வாறு வெறுமையான ஊரைப் பாடுபொருளாகக் கொண்டது. மனிதர் நீங்கிய ஊரில் காற்று மட்டும் உலவுகிறது என்னும் படிமம் தலைப்பிலேயே அமைந்துள்ளது. இதனைப் பாலைத் திணையின் நீட்சியாக வாசிக்கும் வழக்கம் உண்டு. பிரிவும் வறட்சியும் பொதுவானவை என்பதால் அவ்வாசிப்பு கவர்ச்சியுடையது. ஆனால் பாலையில் ஒருவர் செல்ல, மற்றொருவர் வீட்டில் காத்திருப்பார், வீடு நிலையானது. வில்வரத்தினத்தின் ஊரில் காத்திருப்பதற்கு எவரும் இல்லை. பிரிந்தது தலைவன் அல்லன். ஊர் முழுவதுமே பிரிந்துவிட்டது. ஆகவே பாலையின் உரிப்பொருள் இங்கு அப்படியே பொருந்துவதில்லை. வெறுமையான வீடு எதுவும் தானாக வெறுமையாவதில்லை என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும். பூட்டிய கதவு, அவிழ்த்துவிடப்பட்ட மாடு, எடுக்காமல் விட்ட பாத்திரம் ஆகிய ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் சில நிமிடங்களில் எடுத்த தீர்மானத்தின் எச்சம். இவ்வகைக் கவிதையில் பொருள்கள் மிகுதியாக இடம்பெறுவதற்கு இதுவே காரணம் எனலாம்.

நிலாந்தனின் 'வன்னி மான்மியம்' தலைப்பாலேயே ஒரு மரபைத் திருப்பிப் பயன்படுத்துகிறது. மான்மியம் தலத்தின் பெருமை கூறும் வடிவம். அத்தலத்துக்குச் செல்வோர் பேறு பெறுவர் என்பது அதன் உட்கிடை. 1995-96இல் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குச் சென்றவர்கள் வழிபாட்டுக்காகச் செல்லவில்லை. காடும் மலேரியாவும் பொருளாதாரத் தடையும் அவர்களை எதிர்கொண்டன. புகலிடத்தையே தலமாகக் கொண்டு மான்மியம் பாடுவதில் நன்றியும் கசப்பும் ஒருங்கே அமைகின்றன. கவிதை, உரைநடை, வரலாற்றுக் குறிப்பு ஆகியன கலந்த அவரது வடிவத்தை வெறும் சோதனை முயற்சியாகக் கருத வேண்டியதில்லை. எழுதுவோர் தாமும் இடம்மாறிக்கொண்டிருக்கும் நிலையில், ஒரு வடிவத்திலேயே தங்கி எழுதுதல் கடினம் என்னும் மெய்ம்மையும் அதில் பதிவாகியுள்ளது.

தீபச்செல்வனின் 'பதுங்குகுழியில் பிறந்த குழந்தை' (2008) என்னும் தலைப்பு வீட்டின் இடத்தில் குழியை வைக்கிறது. பதுங்குகுழி படைவீரனின் அகழி அன்று. அது குடும்பம் வெட்டியது. எவ்விடத்தில், எவ்வளவு ஆழத்தில், எத்தனை பேருக்கு என்னும் கணக்கு அதில் உண்டு. இறுதிக் கட்டத்தில் மாத்தளன் கடற்கரை மணலில் குழிகள் இடிந்து சரிந்தபோது, பெண்கள் சேலைகளைப் பைகளாகத் தைத்து மணல் நிரப்பி அடுக்கினர். கூறைச்சேலையையும் கிழித்துத் தைப்பதா என்பது ஒரு வீட்டின் தீர்மானம். அத்தகைய தீர்மானம் எந்த இராணுவ வரலாற்றிலும் இடம்பெறாது. கவிதையில் இடம்பெற முடியும். குழியை அவலத்தின் குறியீடாக மட்டும் வாசிக்கும்போது, அதை வெட்டிய கைகள் நம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன.

சேரனின் 'காடாற்று' (2011) இத்தொடரின் முடிவில் நிற்கிறது. காடாற்று என்பது எரியூட்டிய பின் சுடலைக்குச் சென்று எலும்பும் சாம்பலும் சேர்த்துப் பாலூற்றும் சடங்கு. 2009க்குப் பின் வெளியான தொகுப்புக்கு இப்பெயர் சூட்டப்பட்டதன் பொருள், அச்சடங்கு நிகழாமையில் இருந்தே பிறக்கிறது. புதைக்க நேரமுண்டா, விட்டு நகர்வதா என்னும் வினா அந்நாள்களில் ஒவ்வொரு குடும்பத்தின் முன்பும் இருந்தது. செய்யப்படாத சடங்கைச் செய்ய முனைகிறது கவிதை. செய்து முடித்துவிட்டதாக அது கூறிக்கொள்வதில்லை.

5. புனைவு: தீர்மானத்தின் கதை

குந்தவை இடம்பெயர்வைக் கருவாகக் கொண்டு எழுதிய சிறுகதையின் தலைப்பு 'பெயர்வு'. 'இடம்' என்னும் சொல் அத்தலைப்பில் இல்லை. பெயர்வதொன்றே நிகழ்கிறது, இடம் எதுவென்பது உறுதியில்லை. 1995 அக்டோபர் 30 இரவு, வலிகாமத்து மக்கள் உடனே வெளியேற வேண்டுமென விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கி வழியாக அறிவித்தனர். இலட்சக்கணக்கானோர் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சி நோக்கி நகர்ந்தனர். நடக்க இயலாத முதியோர் சிலர் வீடுகளிலேயே விடப்பட்டனர். தாமே தங்கிவிட்டவரும் உண்டு. அவ்விரவைப் பற்றிய எழுத்தில் மிகக் கடினமான பகுதி மழையோ நெரிசலோ அன்று. விடப்பட்டவரைப் பற்றி வெளியேறியவர் பின்னர் என்ன சொல்லிக்கொள்கிறார் என்பதே அது.

தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' (2013) வன்னியின் இறுதிப் போர்க்காலத்தை ஒரு முதிய பெண்ணின் குடும்பத்தை மையமாகக் கொண்டு பின்தொடர்கிறது. ஓரிடத்தில் கொட்டில் போடுவதும், அதைப் பிரிப்பதும், அடுத்த இடத்தில் மீண்டும் போடுவதுமாக நாவல் நகர்கிறது. நிகழ்வுகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதால், இதனை நாவல் என்பதைவிட ஆவணம் என்பதே பொருந்தும் எனச் சிலர் கருதக்கூடும். அக்கருத்து மீளாய்வுக்குரியது. திரும்ப நிகழ்தலே இடம்பெயர்வின் இயல்பு. ஒவ்வொரு முறையும் எடுத்துச்செல்லும் பொருள் குறைகிறது, தங்கும் நிலம் குறைகிறது, உடனிருப்போர் குறைகின்றனர். தொடக்கம், சிக்கல், உச்சம், தீர்வு எனச் செல்லும் கதைப்பின்னலை இதற்கு அணிவித்தால், ஐந்தாம் புறப்பாட்டைவிட ஆறாம் புறப்பாடு கதைக்குத் தேவையற்றதாகிவிடும். வாழ்ந்தவருக்கோ ஆறாவதே கடுமையானது. 'ஊழிக்காலம்' சுருக்க மறுப்பதன் நியாயம் அங்கு உள்ளது. தமிழ்க்கவி நீண்டகாலம் விடுதலைப் புலிகளின் ஊடகப் பிரிவில் பணியாற்றியவர். அவ்வாறிருந்தும் நாவலின் பார்வைக்கோணத்தை இயக்கத்துக்குக் கொடாமல், அடுப்புக்கும் பதுங்குகுழிக்கும் இடையே அலையும் பெண்ணிடம் கொடுத்தமை குறிப்பிடத்தக்கது.

தீர்மானிக்கும் வாய்ப்பு எல்லார்க்கும் சமமாக வாய்ப்பதில்லை என்பதைச் சயந்தனின் 'ஆதிரை' (2015) உணர்த்துகிறது. மலையகத்திலிருந்து வன்முறையால் துரத்தப்பட்டு வன்னியில் குடியேறிய குடும்பங்களையும் உட்கொண்டு, பல பதிற்றாண்டுகளை ஊடறுத்து 2009 வரை செல்கிறது இந்நாவல். அக்குடும்பங்களுக்கு முள்ளிவாய்க்கால் முதல் இடம்பெயர்வு அன்று. வன்னியே அவர்களுக்குப் புகலிடம். அப்புகலிடத்திலிருந்தும் பெயர வேண்டியிருந்தது. வெளிநாட்டில் உறவினர் உள்ளவர், உழவு இயந்திரம் வைத்திருப்பவர், வெளியேற 'பாஸ்' பெறும் செல்வாக்கு உடையவர் ஆகியோருக்கு இருந்த வழிகள் கூலி உழைப்பை நம்பிய இவர்களுக்கு இல்லை. 'ஈழத்தமிழர் துயரம்' என்னும் ஒற்றைத் தொடர் சாதியையும் வர்க்கத்தையும் பிரதேசத்தையும் மறைத்துவிடுகிறது. யாருக்கு எத்தனை வழிகள் திறந்திருந்தன என்று கேட்கும்போது அவை மீண்டும் வெளித்தெரிகின்றன.

தமிழில் எழுதப்படாவிடினும், இவ்வரிசையில் வைத்து நோக்கத்தக்கது கொழும்பைச் சேர்ந்த அனுக் அருட்பிரகாசம் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ஸ்டோரி ஆஃப் எ பிரீஃப் மேரேஜ்' (2016). இறுதிப் போர்க்கால முகாமொன்றில் ஏறத்தாழ ஒரு நாளளவில் நிகழும் கதை அது. எறிகணைகளுக்கு நடுவே ஒரு தந்தை தம் மகளைத் திருமணம் செய்துகொள்ளுமாறு முன்பின் அறியாத இளைஞன் ஒருவனிடம் கேட்கிறார். திருமணம் மகளுக்கு ஒரு காப்பாகலாம் என்னும் கணிப்பு அதற்குப் பின்னால் உள்ளது. இளைஞன் ஒப்புக்கொள்கிறான். குளிப்பதும் உண்பதும் உறங்குவதும் மலங்கழிக்கத் தனியிடம் தேடுவதும் நாவலில் நீண்ட பகுதிகளைப் பெறுகின்றன. போர் நாவலில் இவற்றுக்கு இத்தனை இடம் எதற்கு என்னும் ஐயத்திற்கு விடை எளிது. வேறெதுவும் தன் வசத்தில் இல்லாதபோது, உடலைக் கழுவுவது ஒருவர் தாமே தீர்மானித்துச் செய்யும் செயலாக எஞ்சுகிறது.

தமிழ்க்கவி போருக்குள் வாழ்ந்தவர். அருட்பிரகாசம் அதற்கு வெளியே இருந்தவர். 'பட்டவரே எழுத வேண்டும்' என்னும் அளவுகோல் இவ்விருவரையும் எதிரெதிர் நிறுத்தும். ஆனால் இருவர் நூல்களிலும் குடிமக்கள் சிந்திக்கின்றனர், கணிக்கின்றனர், தவறாகவும் கணிக்கின்றனர். அனுபவம் எழுத்துக்கு வலுவூட்டும் என்பதில் ஐயமில்லை. அனுபவம் ஒன்றே குடிமக்களை மனிதராகக் காட்டிவிடும் என்பதற்கு உறுதியில்லை.

6. சான்றாகக் குறுகும் குடிமக்கள்

2009இன் தொடக்கத்தில் போர்ப்பகுதியில் ஏறத்தாழ 70,000 பேரே இருப்பதாக அரசுத் தரப்பு கூறியது. அப்பகுதியிலிருந்து இறுதியில் முகாம்களை வந்தடைந்தோர் 2,80,000க்கும் மேற்பட்டோர். குறைத்துக் காட்டிய எண் உணவு, மருந்து அனுப்பும் அளவையும் குறைத்தது. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பதை ஐ.நா. வல்லுநர் குழு மறுக்கவில்லை. அவ்வெண்ணும் இன்றுவரை விவாதப்பொருளாகவே உள்ளது. எண்ணிக்கை இவ்வாறு போரின் கருவியான சூழலில், இலக்கியமும் சான்று கூறும் பொறுப்பை ஏற்றது இயல்பே. மறுக்கப்பட்ட சாவுகளை எழுதாமலிருக்க முடியாது.

எனினும் சான்றாக மட்டும் எழுதப்படும் குடிமக்களுக்கு ஒரு நேர்வு உண்டு. ஒரு தரப்பின் கொடுமையை மெய்ப்பிக்க வேண்டிய பாத்திரம், மறுதரப்பைப் பற்றி வாய் திறக்க இயலாது. தம் பிள்ளையை ஆட்சேர்ப்பிலிருந்து ஒளித்துவைத்த தாய், எறிகணைக்குப் பலியான பின்பே சில நூல்களில் பேசப்படுகிறாள். ஒளித்துவைத்த நாள்கள் பேசப்படுவதில்லை. மறுமுனையில், இயக்கத்தின் தவறுகளை நிறுவுவதற்கென்றே எழுதப்படும் நூல்களில் அதே தாய் பணயமாக மட்டும் தோன்றுகிறாள். அவள்மீது எறிகணை எறிந்தவர் பற்றிய கேள்வி மங்குகிறது. இரண்டிலும் அவள் வழக்கொன்றின் ஆவணமாகிறாள். நெட்டிமையாரின் பாடலில் எச்சரிக்கப்பட்டோர் அரசனின் அறத்துக்குச் சான்றாக நின்றதுபோல, இங்கும் குடிமக்கள் பிறர் நிலைப்பாட்டுக்குச் சான்றாகின்றனர்.

இங்கு ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். குடிமக்களின் தீர்மானங்களை மையப்படுத்துவது, நேர்ந்த அழிவுக்கு அவர்களையே பொறுப்பாக்குவதாகாதா? வெளியேறாமல் இருந்ததும் தாமதித்ததும் அவர்கள் குற்றமெனக் கூற அது வழிசெய்யாதா? தீர்மானம் என்னும் சொல்லை விடுதலையான தேர்வு என்னும் பொருளில் கொண்டால் இம்மறுப்பு சரியானதே. இக்கட்டுரை அச்சொல்லை அப்பொருளில் ஆளவில்லை. மூன்று வழிகளும் சாவை நோக்கியே செல்லும்போது, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தவர் சாவைத் தேர்ந்தவராகார். வழிகளை அடைத்தவர் யார் என்பதைத் துல்லியமாகக் காட்டவும் தீர்மானம் எடுக்கப்பட்ட அக்கணமே உதவுகிறது. அகதி என்னும் சொல் கதியற்றவர் என்று பொருள்படும். கதியற்ற நிலையிலும் ஒருவர் கதியைத் தேடினார் என்பதைப் பதிவுசெய்வது அவர்மீது பழி சுமத்துவதாகாது. அதைப் பதிவுசெய்யாமல் விடுவதே அவரைப் பொருளாகக் குறைப்பதாகும்.

7. இரு அக்டோபர் 30கள்

மேற்கூறிய அளவுகோலைத் திறனாய்வின்மீதும் செலுத்திப் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாண இடப்பெயர்வு நிகழ்ந்த 1995 அக்டோபர் 30க்குச் சரியாக ஐந்தாண்டுகளுக்கு முன், 1990 அக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஜின்னா மைதானத்தில் கூட்டப்பட்டு இரண்டு மணி நேரத்திற்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகளால் பணிக்கப்பட்டனர். அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர். அவர்களிற் பெரும்பகுதியினர் புத்தளத்தில் பல்லாண்டுகள் முகாம்களில் வாழ்ந்தனர். புவியியற் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் இம்மக்களின் இழப்புகளை விரிவாக ஆவணப்படுத்தினார். முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட முல்லை முஸ்ரிபாவின் 'இருத்தலுக்கான அழைப்பு', 'அவாவுறும் நிலம்' ஆகிய கவிதைத் தொகுப்புகளின் தலைப்புகளே நிலமும் இருப்பும் பற்றியவை.

இவையும் தமிழில் எழுதப்பட்டவை, இடம்பெயர்வு பற்றியவை. எனினும் ஈழத்து இடம்பெயர்வு இலக்கியம் எனப் பேசப்படும் பட்டியல்களில் இவை உரிய இடம் பெறுவதில்லை. 'முஸ்லிம் இலக்கியம்' என்னும் தனித்தலைப்பின்கீழ் ஒதுக்கப்படுகின்றன. இவ்வொதுக்கத்திற்கான காரணம் நூல்களின் தன்மையில் இல்லை. 1990இல் கட்டளையிட்டவர் யார் என்பது தமிழ்த்தேசிய வாசிப்புக்கு இடர்தருகிறது. எச்சரித்தவர் யார் என்பதைப் பொறுத்து எச்சரிக்கப்பட்டோரின் துயரத்தை ஏற்பதும் தவிர்ப்பதுமாயின், நாம் இன்னும் அரசனின் பக்கத்திலிருந்தே பாடலை வாசிக்கிறோம் என்பதே அதன் பொருள். இரு நிகழ்வுகளும் எல்லா வகையிலும் ஒத்தவை எனக் கூறுவதற்கில்லை. முன்னது ஒரு சமூகத்தை அதன் அடையாளத்தின் பேரில் துரத்தியது. பின்னது படை முன்னேறும் சூழலில் நிகழ்ந்தது. ஆயின் எதை எடுப்பது, யாரிடம் சாவியைக் கொடுப்பது, திரும்புவோமா என்னும் வினாக்கள் இரண்டு இரவுகளிலும் வீடுதோறும் கேட்கப்பட்டன. இலக்கிய ஒப்பாய்வு தொடங்க வேண்டிய இடம் அது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வின் வழிப் பின்வருவன பெறப்படுகின்றன.

இடம்பெயர்வு இலக்கியம் புலம்பெயர் இலக்கியத்தின் கிளை அன்று. அதன் காலமும் வடிவமும் வேறானவை. மீண்டும் நிகழ்தல் அதன் குறையன்று, அமைப்பு விதி. பாடத்திட்டங்களிலும் ஆய்வேடுகளிலும் அது தனி அலகாகக் கொள்ளப்படுதல் வேண்டும்.

பாலைத் திணைச் சட்டகம் இவ்வெழுத்தின் ஒருபகுதியையே விளக்குகிறது. காத்திருக்கும் வீடு இல்லாதபோது பிரிவின் இலக்கணமும் மாறுகிறது. ஈழத்து எழுத்து அடைத்துள்ளது புறத்திணை மரபு பேசாது விட்ட ஓரிடத்தையே. அதனை அகத்திணைக்குள் கொண்டுவந்து அமைதி காண்பது பொருந்தாது.

இவ்வகை நூல்களை மதிப்பிடுகையில் துயரத்தின் அளவைவிட, குடிமக்கள் எவ்வளவு சிந்திப்பவராக, கணிப்பவராக, முரண்படுபவராகக் காட்டப்பட்டுள்ளனர் என்பது பயனுடைய அளவுகோல். அது பட்டவர் எழுத்தையும் படாதவர் எழுத்தையும் ஒரே தட்டில் வைத்து நோக்க உதவுகிறது. எந்தத் தரப்பின் சான்றாகவும் குடிமக்கள் குறுகுவதைச் சுட்டிக்காட்டவும் துணைசெய்கிறது.

செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அங்கு வாழ்ந்த குழந்தைகள் இப்போது இளைஞர்கள். எழுதத் தொடங்கும் வயதினர். புத்தளத்தில் பிறந்து, பெற்றோரின் ஊரைச் சொல்லக் கேட்டு மட்டும் வளர்ந்தவர்களும் எழுதுகின்றனர். அவர்கள் எழுதப்போவதை எந்தத் தலைப்பின்கீழ் வைத்து வாசிக்கப்போகிறோம் என்பதைத் திறனாய்வு இப்போதே ஆராய்ந்து கொள்வது நன்று. 1990, 1995, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளின் எழுத்தையும் ஒரே அலகில் வைத்துப் பயிற்றும் ஒரு பாடத்திட்டம் அதற்கு நல்ல தொடக்கமாக அமையும்.